பத்து நாள் மௌனமா, பிளாக் பட்டனா, வீட்டு மொட்டைமாடியா: பற்றை விட எந்த வழி?

சித்தி பொண்ணு ஒருத்தி போன வாரம் ராத்திரி பதினோரு மணிக்கு போன் பண்ணா. "அண்ணா, எனக்கு பன்னெண்டு நாள் லீவ் சேந்துருக்கு, அந்த பத்து நாள் விபஸ்ஸனா தியான கோர்ஸ் போயிட்டு வந்தா இவனை மறந்துடுவேனா"ன்னு கேட்டா. நிச்சயம் முடிஞ்சு, மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்து, பத்திரிகை அடிக்கறது ஒண்ணுதான் பாக்கிங்கற நேரத்துல பையன் வீட்டுல வேண்டாம்னுட்டாங்க. நான் போன்னும் சொல்லல, போகாதன்னும் சொல்லல, ரெண்டு நாள் டைம் குடு யோசிச்சு சொல்றேன்னேன். அவகிட்ட சொன்னதைத்தான் கொஞ்சம் விரிச்சு இங்க எழுதுறேன், கேட்டுட்டுதான் எழுதுறேன், பேர் ஊர் வேண்டாம்னா, அவ்வளவுதான்.

முதல்ல அவ கேள்வியிலயே ஒரு குழப்பம் இருக்கு. மறக்கறது, மரத்துப்போறது, விலகிப்போறது, பற்றை விடறது, நம்ம பேச்சுல இது நாலும் ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக் கிடக்கு. பழைய பௌத்த நூல்கள் இருக்கற பாலி மொழியில அப்படி இல்ல, ஒவ்வொண்ணுக்கும் தனி வார்த்தை வச்சிருக்காங்க. நெக்கம்மம்னா வீட்டை விட்டு, ஆசையை விட்டு வெளிய வர்றது. விவேகம்னா தனிச்சிருக்கறது (நாம அதை புத்திசாலித்தனம்னு ஆக்கிட்டோம், அங்க அர்த்தம் தனிமை). விராகம்னா சாயம் போறது, ஏன்னா ராகம்ங்கறதுக்கு நிறம், சாயம்னும் ஒரு அர்த்தம் உண்டு, துணியில ஏறின சாயம் துவைக்கத் துவைக்க வெளுக்கற மாதிரி மனசுல ஏறினது வெளுக்கறது. அப்புறம் உபேக்கா, அதாவது சமநிலை. இதுதான் எல்லாரும் தேடுறது, இதுதான் அதிகமா தப்பா புரிஞ்சுக்கப்படறதும்.

உபேக்காங்கற வார்த்தைக்கு வேர் "பக்கத்துல இருந்து பாக்கறது". ஆனா சமஸ்கிருதம் வழியா தமிழுக்கு வந்த உபேட்சைக்கு அகராதியில அலட்சியம்னு போட்டிருக்கு. "பெரியவங்க சொன்னதை உபேட்சை பண்ணாதே"ன்னு பழைய ஆளுங்க திட்டுவாங்களே அதே வார்த்தைதான். அதாவது எதுக்கு நேர் எதிரா நிக்கணுமோ அதுவாவே ஆகி நம்ம ஊருக்கு வந்து சேந்துருக்கு. இதுல வேடிக்கை என்னன்னா இப்படித்தான் ஆகும்னு பௌத்தர்களுக்கு முன்னாடியே தெரியும். அஞ்சாம் நூற்றாண்டுல அனுராதபுரத்துல உக்காந்து விசுத்திமக்கம்ங்கற தியான நூலை எழுதின புத்தகோசர் (காஞ்சிபுரத்துலயும் கொஞ்ச நாள் இருந்தவர்) ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் ரெண்டு எதிரி சொல்றார், தூரத்து எதிரி, பக்கத்து எதிரின்னு. உபேக்காவுக்கு தூரத்து எதிரி ஆசையும் வெறுப்பும், அதுங்களை வாசல்லயே அடையாளம் தெரிஞ்சுடும். பக்கத்து எதிரி யாருன்னா ஒண்ணும் புரியாம வர்ற அக்கறையின்மை. அது உபேக்கா மாதிரியே சட்டை போட்டுக்கிட்டு உள்ள வந்து உக்காந்துக்கும்.

எனக்கு இதுல சொந்த அனுபவம் உண்டு, பெருமைப்படற மாதிரி இல்ல. சொத்து விஷயத்துல அண்ணனோட தகராறாகி பேச்சுவார்த்தை நின்னு போன சமயம், அங்கங்க படிச்சதை வச்சு நானே "இனிமே எதுலயும் பட்டுக்கறதில்ல"ன்னு முடிவு பண்ணேன். கோவம் வரல, சத்தம் போடல, யார் என்ன சொன்னாலும் சரின்னு ஒரே வார்த்தை, நாலு மாசம் இப்படியே ஓடுச்சு, எனக்கோ உள்ளுக்குள்ள ஒரு மிதப்பு, ஆகா பக்குவம் வந்துருச்சுன்னு. ஒருநாள் சாப்பாடு போட்டுக்கிட்டே வீட்டுக்காரி சொன்னா, "அமைதியா இருக்கீங்கன்னு நெனச்சேன், ஆனா நீங்க இங்க இல்லவே இல்லைங்க". அந்த நாலு மாசத்துல பையன் ஸ்கூல்ல என்ன நடந்துச்சுன்னு கூட எனக்குத் தெரியல. பக்கத்து எதிரின்னா என்னன்னு படிச்சு தெரிஞ்சதை விட அன்னிக்கு அந்த ரசம் சாதத்துல தெரிஞ்சதுதான் ஜாஸ்தி.

அதனால எந்த வழின்னு பாக்கறதுக்கு முன்னாடி பற்று எங்க முளைக்குதுன்னு ஒரு தடவை பாத்துடலாம், இல்லன்னா ஆப்ஷன்களை ஒப்பிடவே முடியாது. மணிமேகலை கடைசி காதையில துன்பம் ஒண்ணுல இருந்து ஒண்ணா பிறக்கற பன்னெண்டு படிக்கும் (சார்புன்னு சொல்வாங்க) பேர் குடுத்திருக்கு, பெரும்பாலும் நல்ல தமிழ்ப் பேர். அதுல நமக்கு வேண்டியது நடுவுல வர்ற நாலுதான்: ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று. ஊறுன்னா தொடறது, நுகர்வுன்னா அதுல வர்ற இன்பம் துன்பம் ரெண்டுங்கெட்டான் உணர்ச்சி, வேட்கைன்னா வேணும்னு துடிக்கறது, பற்றுன்னா பிடிச்சுக்கறது. கடைசி ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டா புத்தகோசர் ஒரு திருடனைக் காட்டுறார், இருட்டுல கையை நீட்டித் துழாவறது வேட்கை, கையில பொருள் மாட்டினதும் இறுக்கிப் பிடிக்கறது பற்று. நம்ம பொண்ணு கதையில இதைப் போட்டுப் பாருங்க. ராத்திரி வாட்ஸ்அப்புல அவன் ஸ்டேட்டஸ் கண்ணுல படுது, அது ஊறு. வயித்துல ஏதோ கவ்வுது, அது நுகர்வு. ஒரே ஒரு தடவை ப்ரொபைல் போட்டோ பாத்துட்டு வச்சிடலாம்னு விரல் போகுது, வேட்கை. அதுக்கப்புறம் ரெண்டு மணி வரைக்கும் தூங்காம "நான்தான் ஏதோ சரியில்ல போல, ஊர்ல எல்லாரும் என்ன பேசுவாங்க"ன்னு ஓடுற படம் இருக்கே, அதுதான் பற்று.

பற்றையும் நாலு வகையா பிரிச்சிருக்காங்க: இன்பங்கள் மேல, கருத்துகள் மேல, சடங்கு சம்பிரதாயம் மேல, "நான்"ங்கற எண்ணத்து மேல. அவ பேசினதைக் கேக்கக் கேக்க எனக்கு என்ன தோணுச்சுன்னா, பையன் மேல இருந்த பற்று பாதிதான், மீதி பாதி "நிச்சயம் நின்னு போன பொண்ணு"ங்கற அந்த நான் மேல. இதைச் சொன்னப்போ கொஞ்ச நேரம் போன்ல சத்தமே வரல.

சரி, இப்ப வழிகள்.

முதல் வழி எல்லாரும் சொல்றது, நம்பரை பிளாக் பண்ணு, போட்டோவை அழி, முடிஞ்சா ஊரையே மாத்து. ஆன்மீகமே இல்லைன்னு இதை ஒதுக்க வேண்டாம், பௌத்தத்துல இதுக்கு காய விவேகம்னு பேரே இருக்கு, உடம்பால தள்ளி இருக்கறது. மேல சொன்ன வரிசையில ஊறுங்கற இடத்துலயே கதவைச் சாத்தறது. செலவில்ல, இன்னிக்கே பண்ணலாம், காயம் பச்சையா இருக்கறப்ப இதுதான் முதல் கட்டு. ஆனா அதோட எல்லையும் அவங்களே சொல்லியிருக்காங்க. மேகியர்னு ஒரு பிக்கு, புத்தருக்குத் துணையா இருந்தவர், ஆத்தோரமா ஒரு மாந்தோப்பைப் பாத்துட்டு அங்க தனியா உக்காந்து தியானம் பண்ணப்போறேன்னார். கொஞ்சம் பொறு, இன்னொரு பிக்கு வரட்டும்னு புத்தர் சொல்லியும் கேக்காம போனார். போய் உக்காந்தா ஆசை நெனப்பு, கோவ நெனப்பு, அடுத்தவனை வதைக்கிற நெனப்பு, மூணும் மாத்தி மாத்தி வந்து மொய்ச்சுடுச்சு. திரும்பி வந்தவருக்கு புத்தர் சொன்ன அஞ்சு விஷயத்துல முதல் விஷயம் நல்ல நண்பர்கள். தோப்பு நல்ல தோப்புதான், போனவரோட மனசுதான் இன்னும் பழுக்கல. பிளாக் பண்ணா ஸ்டேட்டஸ் வராது, ஆனா அவன் போட்டிருந்த சட்டை மாதிரி ஒண்ணை பஸ் ஸ்டாண்டுல பாத்தா வயித்துல கவ்வறது வரத்தான் செய்யும்.

ரெண்டாவது வழி அவ கேட்டதேதான். பத்து நாள் கோர்ஸ், கோயங்கா முறை. கோயங்கா மாண்டலேயில 1924ல பிறந்த வியாபாரி, அவரோட குரு ஊ பா கின் பர்மா கவர்மென்ட்டுல அக்கவுண்டன்ட் ஜெனரலா இருந்தவர், அதனாலயோ என்னவோ எல்லாமே கணக்கா இருக்கும். 1969ல இந்தியாவுல சொல்லிக்குடுக்க ஆரம்பிச்சார், இன்னிக்கு நம்ம சென்னைப் பக்கம் திருமுடிவாக்கத்துலயே தம்ம சேதுன்னு சென்டர் இருக்கு. பத்து நாள்னு பேரே தவிர முத நாள் சாயங்காலம் போய் பதினோராவது நாள் காலையிலதான் வெளிய வருவீங்க, அவளோட பன்னெண்டு நாள் லீவும் அதுலயே போயிடும். ஃபீஸ் கிடையாது, ஏற்கனவே முடிச்சவங்க குடுக்கற தானத்துல நடக்குது. காலை 4 மணிக்கு மணி அடிப்பாங்க, நாளுக்கு பத்து மணி நேரம் போல உக்காரணும், போன் வாங்கி வச்சிடுவாங்க, புஸ்தகம் இல்ல, எழுதக்கூடாது, பேசக்கூடாது. முதல் மூணரை நாள் போல மூச்சை மட்டும் பாக்கறது, நாலாவது நாள்ல இருந்து தலையிலிருந்து கால் வரைக்கும் உடம்புல வர்ற உணர்ச்சிகளைப் பாக்கறது. அதுக்கப்புறம் தினம் மூணு தடவை ஒரு மணி நேரம் அசையாம உக்காரணும்.

இதுல பற்று விடறதுக்கு என்ன அர்த்தம்னா, நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவுல இருக்கற சந்துல போய் நிக்கறது. முட்டி வலிக்குது, காலை மாத்தணும்னு துடிக்குது, மாத்தாம பாக்கறீங்க, வலி தானா உருவம் மாறுது, சில சமயம் போயிடுது, சில சமயம் போகாது. முட்டி வலியில பழகினதை அப்புறம் வயித்துல கவ்வறதுக்கும் பண்ணலாம்ங்கறதுதான் கணக்கு. நான் போயிருக்கேன், எனக்கு உதவுச்சு, அஞ்சாவது நாள் மத்தியானம் ஓடிடலாம்னு பெட்டி கட்டினதும் நெசம். ஆனா இவளுக்கு இப்பவே போன்னு சொல்ல மனசு வரல. ஏன்னா நிச்சயம் நின்னு மூணு வாரம்தான் ஆகுது, தூக்கம் சரியில்ல, அவ இயல்பாவே எல்லாத்தையும் உள்ள போட்டு அமுக்கற பொண்ணு. அமுக்கற ஆளுக்கு அசையாம உக்காருன்னு சொன்னா பாக்கறதுக்கு பதிலா இன்னும் நல்லா அமுக்கக் கத்துக்குவா, வெளிய வந்து "ஒண்ணுமே தோணல அண்ணா"ம்பா, நாமளும் கை தட்டுவோம். அதோட அப்ளிகேஷன் ஃபார்ம்லயே மனநலம் பத்தி கேட்டிருப்பாங்க, அதை மறைக்காம எழுதணும். வாரக்கணக்குல தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, பயம் வந்து மூச்சு முட்டுதுன்னா முதல்ல டாக்டர், தியானமெல்லாம் அப்புறம்.

மூணாவது வழி மகாசி சயாடோ முறை, அவரும் பர்மாக்காரர்தான், 1982ல காலமானார். வயிறு ஏறி இறங்கறதை கவனிச்சு மனசுக்குள்ள பேர் வைக்கணும், "ஏறுது, இறங்குது". நெனப்பு வந்தா "நெனப்பு", அழுகை வந்தா "அழுகை", பாக்கணும்போல இருந்தா "ஆசை". அவ்வளவுதான். ஆபீஸ் கேப்ல உக்காந்துக்கிட்டே கூட ஓரளவு பண்ணலாம். பேர் வைக்கிற அந்த அரை செகண்டுல "நான் கோவமா இருக்கேன்"ங்கறது "கோவம் இருக்கு"ன்னு மாறும், நான் மேல இருக்கற பிடி கொஞ்சம் இளகும். குறை என்னன்னா தனியா பண்றப்ப ரொம்ப சீக்கிரம் மெஷின் மாதிரி ஆயிடும், வாய் ஏறுது இறங்குதுன்னு சொல்லும், மனசு அமேசான்ல செருப்பு பாத்துக்கிட்டிருக்கும்.

இந்த மாதிரி தியானங்களோட மதச்சாயம் எடுத்த பதிப்புதான் எம்பிஎஸ்ஆர்னு எட்டு வார கோர்ஸ், 1979ல மாசசூசெட்ஸ் யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டர்ல ஜான் கபாட்-சின் ஆரம்பிச்சது. வாரத்துக்கு ஒரு க்ளாஸ், வீட்டுல தினம் முக்கால் மணி நேரம். காசு ஆகும், ஆன்லைன்ல கிடைக்கும், லீவ் போட வேண்டாம். சாமி பூதம்னா ஒத்துக்காத ஆளுக்கு நல்லது. ஆனா அது மன அழுத்தம் குறையறதோட நிறுத்திக்கும், பற்றைப் பத்தி பெருசா பேசாது.

இந்த இடத்துல இன்னொரு குழப்பம். கவுன்சிலிங் போனவங்க "அட்டாச்மென்ட் ஆரோக்கியமா இருக்கணும்"னு கேட்டுட்டு வர்றாங்க, பௌத்தம் படிச்சவங்க "அட்டாச்மென்ட்தான் துன்பத்துக்குக் காரணம்"ங்கறாங்க, யார் சரி? ரெண்டும் வேற வேற சமாச்சாரம். மனநல ஆய்வாளர் ஜான் பௌல்பி சொன்னது குழந்தைக்கும் அம்மாவுக்கும் இருக்கற பிணைப்பு, பயந்தா ஓடி வர ஒரு மடி. அது பௌத்தம் பற்றுங்கற அர்த்தத்துல சொல்ற உபாதானம் இல்ல. அம்மா வெளிய போனாலும் அழாம, திரும்பி வந்தா கண்டுக்காம விளையாடுற குழந்தைகளைப் பாத்து ஆராய்ச்சி பண்ணவங்க, நெஞ்சுத் துடிப்பை அளந்தப்ப அதுங்களுக்கும் உள்ள படபடன்னுதான் அடிச்சிருக்கு. பக்கத்து எதிரிக்கு இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல.

நாலாவது வழி பிரம்ம விஹாரம்னு சொல்ற நாலு நல்ல குணத்தை வளர்க்கறது: மைத்ரி, கருணை, முதிதை, உபேக்கா, இந்த வரிசையில. நான் அவளுக்குக் கை காட்டினது இதைத்தான். காரணம் அந்த வரிசையிலயே இருக்கு. உபேக்கா நாலாவது. விசுத்திமக்கம் ஒருபடி மேல போய், மத்த மூணுலயும் மூணாவது தியான நிலை வரைக்கும் போனவனுக்குத்தான் நாலாவது கைகூடும்னு சொல்லுது. அன்பு, இரக்கம், அடுத்தவன் சந்தோஷத்துல சந்தோஷம், இதெல்லாம் இல்லாம நேரா சமநிலைக்கு குறுக்கு வழி கிடையாது, அப்படிப் போனா வந்து சேர்ற இடம் நான் போய் சேந்த அந்த நாலு மாசம்தான்.

அதே நூல்ல ஒரு அம்மா வர்றா, நாலு பையன். ஒண்ணு சின்னக் குழந்தை, வளரணும்னு நெனக்கிறா. ஒண்ணு நோயாளி, குணமாகணும்னு நெனக்கிறா. ஒண்ணு வாலிபத்துல துள்ளுறான், அந்த சந்தோஷம் நீடிக்கட்டும்னு நெனக்கிறா. நாலாவது பையன் தன் வேலையைத் தானே பாத்துக்கறான், அவனைப் பத்தி அவளுக்குக் கவலையே இல்ல. அந்தக் கவலை இல்லாமைதான் உபேக்கா. அவன் மேல பாசம் இல்லைன்னு யாராவது சொல்வாங்களா? சென்னையில வேலை பாக்கற பையன் போன் பண்ணலைன்னா "பிசியா இருப்பான்"னு அடுப்படி வேலையைப் பாக்கற அம்மாக்களை நாம எல்லாரும் பாத்திருக்கோம் (பாதி பேர் அப்படி இல்ல, ஏழு மிஸ்டு கால் வரும், அது வேற விஷயம்).

தாமரை இலைத் தண்ணீர்னு நாம சொல்றதும் அங்க இருக்கு. பேராசையின்மைக்கு, அலோபத்துக்கு, அந்த உவமையைச் சொல்றார் புத்தகோசர். நாம புருஷன் பொண்டாட்டி ஒட்டாம இருந்தா குறையா சொல்றதுக்கு இதைப் பயன்படுத்தறோம். ஆனா துளி இலை மேலதான் உக்காந்திருக்கு, இலையை விட்டு எங்கயும் ஓடிப்போகல, ஊறி உள்ள இறங்கல அவ்வளவுதான்.

செய்முறை ரொம்ப எளிமை. முதல்ல தனக்கு, "நான் நல்லா இருக்கணும், பகை இல்லாம இருக்கணும்"னு. அப்புறம் மதிக்கிற ஒருத்தர், அப்புறம் பிடிச்சவங்க, அப்புறம் பிடிக்கவும் பிடிக்காமலும் இல்லாத நடுநிலை ஆள், கடைசியா பகையாளி. உபேக்காவுக்கு வந்தா ஆரம்பமே நடுநிலை ஆள்தான். தினம் இருவது நிமிஷம், மொட்டைமாடி போதும். அவ உடனே "அப்ப அவனையே நெனச்சு பண்ணவா அண்ணா"ன்னா. வேண்டவே வேண்டாம்னேன். ஆணும் பெண்ணும் ஒருத்தரை ஒருத்தர் குறி வச்சு மைத்ரி பண்ண வேண்டாம், ராகம் வந்துடும்னு அந்தப் பழைய நூல்லயே எச்சரிக்கை இருக்கு. பிரியமானவங்களை நெனச்சு பண்ணுன்னு கேட்டுட்டுப் போன ஒருத்தன் பொண்டாட்டியை நெனச்சு உக்காந்து ராத்திரி முழுக்க சுவரோட முட்டி மோதிக்கிட்டிருந்தானாம். ஆயிரத்து அஞ்ஞூறு வருஷத்துக்கு முன்னாடியே கேஸ் ஹிஸ்டரி எழுதி வச்சிருக்காங்க.

இதுக்கும் குறை உண்டு. மெதுவா வேலை செய்யும், முதல் ரெண்டு வாரம் பொய் சொல்ற மாதிரியே இருக்கும், தனக்கு நல்லது நெனக்கறதுதான் இருக்கறதிலயே கஷ்டம்னு நிறைய பேர் சொல்றாங்க. அவளும் அங்கதான் அழுதா. அப்படி அழுகை வந்தா நிறுத்த வேண்டாம்னு சொல்லியிருக்கேன்.

ஏன்னா அவளுக்கு இன்னொரு பயம், அழுதா பற்று போகலைன்னு அர்த்தமோன்னு. தன்னோட முதன்மைச் சீடர்களான சாரிபுத்தரும் மொக்கல்லானரும் காலமானப்புறம் புத்தர் பிக்குகள் கூட்டத்தைப் பாத்து, அவங்க ரெண்டு பேரும் இல்லாம இந்தச் சபை எனக்கு வெறிச்சோடித் தெரியுதுன்னு சொல்றார். அதே மூச்சுல தனக்கு துக்கமோ புலம்பலோ இல்லைன்னும் சொல்றார். இல்லாதது இல்லாததாவே தெரியுது, அந்த இழப்பு ஒரு அம்புன்னா, அதுக்கு மேல இன்னொரு அம்பை எடுத்து தனக்கே குத்திக்கல. நாம அந்த அளவுக்கு இல்ல, நமக்கு அழுகையும் வரும், வரட்டும்.

ஆக நான் எப்படி தேர்ந்தெடுப்பேன்னு கேட்டா ஆளைப் பாத்துதான். பிடிச்சா விடாத ஆள், மெசேஜ் மேல மெசேஜ் போடுற ஆள், கோவம் உடனே வெடிக்கிற ஆள்னா பத்து நாள் கோர்ஸ் அருமையான இடம், அந்த அசையாத ஒரு மணி நேரம் அவங்களுக்குன்னே பண்ணது. எல்லாத்தையும் முழுங்கிட்டு சிரிக்கிற ஆள்னா முதல்ல மைத்ரி, அப்புறம் கோர்ஸ். மூளையால எல்லாத்தையும் அலசி அலசி சோர்ந்து போற ஆளுக்கு மகாசி. பிளாக் பட்டன் எல்லாருக்கும் பொது, ஆனா கூடவே வேற ஏதாவது ஒண்ணு இருக்கணும். இது என் கணக்கு, பெரிய ஆசிரியர்கள் யாராவது ஆளைப் பாத்து வேற மாதிரி சொன்னா அவங்க சொல்றதைக் கேளுங்க.

அவ முடிவு இப்போதைக்கு இது: நம்பர் மூணு மாசத்துக்கு பிளாக், தினம் சாயங்காலம் இருவது நிமிஷம் மாடியில, பத்து நாள் கோர்ஸுக்கு ஆறு மாசம் கழிச்சு வர்ற தேதி ஒண்ணுல அப்ளை பண்ணப் போறா, லீவை இப்ப தொடல. நேத்து மறுபடியும் போன் வந்துச்சு, நடுநிலை ஆளா யாரை வச்சுக்கறதுன்னு சந்தேகம். உங்க அபார்ட்மென்ட் செக்யூரிட்டியை வச்சுக்கோன்னேன். "அய்யோ அண்ணா, பார்சல் விஷயமா அவர்கூட தினம் சண்டை, அவர் பகையாளி லிஸ்ட்டு"ன்னா. இப்ப காலையில பஸ்ஸுல எதிர் சீட்டுல உக்கார்ற, பேர் தெரியாத ஒரு டிபன் பாக்ஸ் அக்காவை வச்சு ஓட்டிக்கிட்டிருக்கா.